வின்னிபெக் குளிர்காலம்: காருக்கும் வீட்டுக்கும் முழுமையான வழிகாட்டி

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் இருக்கும் வின்னிபெக்கில் முதல் குளிர்காலத்தைக் காரோடு கழிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரெஜைனா, சாஸ்கட்டூன், எட்மண்டனில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டொராண்டோவிலிருந்து சித்தப்பா போனில் சொல்லும் யோசனைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அங்கே ஜனவரி இரவின் சராசரி மைனஸ் 10ஐக்கூடத் தொடாது. இங்கே சராசரியே மைனஸ் 20ஐ ஒட்டி இருக்கும், மைனஸ் 30 வருடம் தவறாமல் வரும்.

புதிதாக வருகிறவர்கள் சாமான் வாங்குவதில் குறை வைப்பதில்லை. தடுமாறுவது வரிசையில்தான். ஸ்னோ விழுந்த பிறகு டயர் தேடுகிறார்கள், குழாய் உறைந்த பிறகு வால்வு எங்கே என்று தேடுகிறார்கள். அதனால் எதற்குப் பிறகு எது என்பதையே இங்கே முக்கியமாகச் சொல்கிறேன்.

1. அக்டோபர் முதல் வாரம்: டயருக்கு நேரம் வாங்குங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இந்த ஒரு வேலைக்குத்தான் பிறருடைய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் ஊரே டயர் கடைக்குப் போன் போடும். அன்றைக்குக் கேட்டால் வாரக்கணக்கில் தள்ளித்தான் தேதி கிடைக்கும்.

வருடம் முழுக்கப் போடும் ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸ் 25இல் அதற்கு ரோட்டைப் பிடிக்கும் சக்தி மிகக் குறைவு. ஸ்னோவே இல்லாத காய்ந்த ரோட்டிலும் இதே கதைதான். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு ஸ்னோ இதழும் வரைந்திருந்தால் அது வின்டர் டயர். 'எம் ப்ளஸ் எஸ்' (M+S, சேற்றுக்கும் ஸ்னோவுக்கும்) என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். மானிடோபாவில் அப்படி இல்லை. கட்டாயம் இல்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் முதல் சிக்னலிலேயே அதன் பலனைப் பார்த்துவிடுகிறார்கள். பணம்தான் இடைஞ்சல் என்றால், மாகாண அரசின் வாகனக் காப்பீட்டு நிறுவனமான மானிடோபா பப்ளிக் இன்சூரன்ஸ் வின்டர் டயர் வாங்குவதற்கென்றே ஒரு கடன் திட்டம் வைத்திருக்கிறது, கடையிலேயே விசாரியுங்கள்.

நான்கு டயரையும் மாற்ற வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டிதானே என்று முன்னால் இரண்டை மட்டும் மாற்றுகிறார்கள். பிரேக் போடும்போது முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வண்டி அப்படியே சுழன்றுவிடும். பழைய டயர் வாங்கினால் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்ட டயர் ஸ்னோவுக்கு ஆகாது.

2. டயர் போடும் அன்றே: பானட்டுக்குள் பார்க்க வேண்டியவை

வண்டி கடையில் நிற்கும்போதே இவற்றையும் முடித்துவிட்டால் இன்னொரு நாள் அலைய வேண்டாம்.

பேட்டரி. மைனஸ் 18இல் பேட்டரிக்கு ஏறக்குறைய பாதி பலம்தான் மிஞ்சும். குளிரில் கெட்டியான எண்ணெயோடு இன்ஜினைச் சுற்றவோ கூடுதல் பலம் வேண்டும். கோடையில் ஒழுங்காக ஓடிய பேட்டரி டிசம்பரில் திடீரென்று படுத்துக்கொள்வது இதனால்தான். லோடு டெஸ்ட், அதாவது பேட்டரி சுமையைத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். நாலைந்து வயதான பேட்டரி டெஸ்டில் தடுமாறினால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் மைனஸ் 37 வரை தாங்கும். முன்பு வைத்திருந்தவர் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் அதற்கு முன்பே உறைந்து இன்ஜினையே பிளந்துவிடும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைத் தவற விடவே கூடாது.

எண்ணெய். வண்டியின் கையேடு அனுமதித்தால் '0டபிள்யூ' (0W) என்று தொடங்கும் சிந்தெடிக் எண்ணெய்க்கு மாறுங்கள். அது குளிரிலும் ஓடும்.

முன்கண்ணாடியைக் கழுவப் பீய்ச்சும் வாஷர் திரவம். மைனஸ் 40 என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். டப்பாவில் மிச்சமிருக்கும் கோடைத் திரவத்தை முதலில் பீய்ச்சித் தீர்த்துவிட்டு இதை ஊற்றுங்கள், இரண்டும் கலந்தால் உறைந்துவிடும். இதில் மெத்தனால் இருக்கிறது, கடும் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக பிளாக் ஹீட்டர், நிற்கும் வண்டியின் இன்ஜினை மின்சாரத்தால் சூடாக்கும் கருவி. முன்பக்கக் கிரில் வழியாக வெளியே தொங்கும் மூன்று முனை பிளக் அதனுடையதுதான். அது வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பிற மாநிலத்திலிருந்து வந்த வண்டிகளில் அது இல்லாமலும் இருக்கலாம்.

3. தரை இறுகுவதற்குள்: வீட்டின் வெளிப்பக்கம்

அக்டோபர் முடிவதற்குள் தோட்டக் குழாயை அடைக்க வேண்டும். வரிசை இதுதான்: வெளியே மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்கான வால்வை மூடுங்கள். பிறகு வெளியே வந்து குழாயைத் திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீர் வடியும்வரை விட்டு, திறந்தபடியே விடுங்கள். ஹோஸைக் கழற்றாமல் விட்டால் தண்ணீர் வடியாது. அது உறைந்து விரிந்து சுவருக்குள் இருக்கும் குழாயை உடைக்கும். உடைந்தது அப்போது தெரியாது, மே மாதம் குழாயைத் திறக்கும்போது பேஸ்மென்டில் தண்ணீர் கொட்டும்.

அடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களைக் கண்டுபிடியுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸ் காற்றை உள்ளே இழுப்பதும் புகையை வெளியே தள்ளுவதும் அவற்றின் வழியாகத்தான். ஸ்னோ குவிந்து அவை அடைபட்டால் ஃபர்னஸ் நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் சேரும் அபாயமும் உண்டு. ஸ்னோ விழும் முன்பே இடத்தைப் பார்த்து வைத்தால், பிறகு எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்காது. அந்தப் பக்கமாக ஸ்னோவைத் தள்ளிக் குவிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பேட்டரியையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

4. பிளக் போடுவது எப்போது, எவ்வளவு நேரம்

மைனஸ் 15க்குக் கீழே போகும் என்றால் பிளக் போடுங்கள். பிளாக் ஹீட்டர் கூலன்டைச் சூடாக்கி, அதன் மூலம் இன்ஜினைச் சூடாக்குகிறது. பேட்டரியை அது சார்ஜ் செய்வதில்லை. ராத்திரி முழுக்கப் பிளக்கில் இருந்ததே, ஏன் பேட்டரி இறங்கியது என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

இங்கே பார்க்க வேண்டியது வெப்பநிலையை, விண்ட் சில்லை அல்ல. விண்ட் சில் என்பது காற்றின் வேகத்தையும் சேர்த்து மனிதத் தோலுக்குப் போடும் கணக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் இன்ஜின் வெளி வெப்பநிலைக்குக் கீழே குளிராது.

கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு ஹீட்டர் ஓடத் தொடங்கினால் போதும். வெளியில் பயன்படுத்தும் டைமர் ஒன்றை மாட்டி விடுங்கள். 400 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரத்துக்கு 1.2 யூனிட் எடுக்கும், பத்து மணி நேரம் ஓடினால் 4 யூனிட். எக்ஸ்டென்ஷன் கார்டு மூன்று முனையோடு, வெளிப்புறத்துக்கென்று குறித்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண வயரின் மேலுறை மைனஸ் 30இல் முறுக்கினால் வெடித்துவிடும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிளக்கில் கரன்ட் இல்லையே என்று உடனே புகார் செய்ய வேண்டாம். பல இடங்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விட்டு விட்டுத்தான் தருவார்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

5. காலையில் வண்டியை எடுக்கும் வரிசை

அவசரத்தில் மாற்றிச் செய்து சேதப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் வண்டியின் பின்னால் போய் சைலன்சர் வாயைப் பாருங்கள். ஸ்னோ அடைத்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புகை காருக்குள் திரும்பும். கராஜுக்குள் நிற்கும் வண்டியை அங்கேயே ஓடவிட்டு சூடாக்கக் கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது.

அப்புறம் ஸ்டார்ட். முன்கண்ணாடிக்கு டீஃப்ராஸ்ட் போட்டு, உள்காற்றையே சுழற்றும் பட்டனை அணைத்துவிடுங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் உங்கள் மூச்சிலுள்ள ஈரமெல்லாம் கண்ணாடியிலேயே படியும். மிதமான குளிரில் ஏசியும் சேர்ந்து ஓடலாம், அது காற்றை உலர்த்தும். கடும் குளிரில் பெரும்பாலான வண்டிகளில் அது ஓடாது. குளிர்காலத்தில் ஏசியா என்று அதை அணைத்துவிட்டு, கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் ஓடும்போது ஸ்னோவைத் தட்டுங்கள், கூரையிலிருந்து தொடங்கி. கண்ணாடியை முதலில் சுத்தம் செய்தால் கூரையில் இருப்பது மறுபடி அதன்மேல் சரியும். கூரையை அப்படியே விட்டால் முதல் பிரேக்கில் மொத்தமும் முன்கண்ணாடியில் இறங்கி ரோடே தெரியாது. பிறகு ஜன்னல்கள், விளக்குகள், நம்பர் பிளேட்.

வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விடும். விடாவிட்டால் அந்தத் தண்ணீரே சில நொடியில் இன்னும் கெட்டியான ஐஸாகும். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கையால் விடுவித்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள், இல்லையென்றால் ஃபியூஸ் போகும், சமயத்தில் மோட்டாரே போகும். முந்தின நாள் வண்டியை அணைக்கும் முன்பே வைப்பரை நிறுத்தி வைக்கும் பழக்கம் இதற்கு நல்லது.

கடைசியாக பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி வையுங்கள். அதை மறந்து ரிவர்ஸ் எடுத்து வயரோடு ரோட்டுக்கு வருவது இந்த ஊரில் சகஜம். கிளம்பும் முன் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தால் தப்பிக்கலாம்.

அரை மணி நேரம் நிறுத்தியே சூடாக்குவதில் பயனில்லை. பிளக்கில் இருந்த வண்டிக்கு சில நிமிடம் போதும், மீதிச் சூடு மெதுவாக ஓட்டும்போது ஏறும். முதல் சில நிமிடம் சக்கரம் தடக் தடக் என்று அடித்தால் பயப்பட வேண்டாம். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்ற டயர் அடியில் தட்டையாக உறைந்திருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும். காற்றழுத்த விளக்கு எரிந்தால் மட்டும் காற்றை அளந்து பாருங்கள். ஒவ்வொரு 5, 6 டிகிரி இறக்கத்துக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும்.

6. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

முதலில் பேட்டரியின் உடம்பைப் பாருங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறையக்கூடியது. பக்கங்கள் உப்பியிருந்தால் வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து பூஸ்ட் கொடுக்கக் கூடாது, வெடிக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உப்பவில்லை என்றால் பூஸ்டர் கேபிளை மாட்டும் வரிசை இது. சிவப்பு, படுத்த பேட்டரியின் ப்ளஸ்ஸில். சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் மறுமுனை, படுத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். அதனால்தான் அதைப் பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டச் சொல்கிறேன். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது இதற்கு நேர் தலைகீழ்.

7. ரோட்டில்

உப்பு மைனஸ் 10க்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் இங்கே கடும் குளிரில் மணல்தான் தூவுவார்கள். மணல் பிடிப்புக் கொடுக்குமே தவிர ஐஸைக் கரைக்காது. கறுப்பாக, ஈரம் போலத் தெரியும் இடம் பெரும்பாலும் ஐஸ். மிக மோசமான இடம் சிக்னல்தான். நிற்கும் வண்டிகளின் புகையிலுள்ள ஈரம் உறைந்து, சக்கரங்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும். பாலங்களும் மற்ற ரோட்டுக்கு முன்பே உறையும்.

ஆகவே சிக்னலுக்கு வெகு முன்பே காலை எடுங்கள், இடைவெளியை வழக்கத்தைவிட மூன்று மடங்காக்குங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்தியதும் பெடல் கடகடவென்று அதிரும். புதியவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், அழுத்தியபடியே இருங்கள். வண்டி வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். சக்கரம் வழுக்கும்போதும் அது வேகத்தைத் தக்கவைக்கப் பார்க்கும்.

சமதளமான ஊர் என்பதால் நிறுத்தும்போது 'பி' கியர் போதும். ஈரத்தில் ஓட்டிவிட்டு ஹேண்ட்பிரேக் இழுத்தால் அது உறைந்து, காலையில் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

8. ஸ்னோவில் மாட்டிக்கொண்டால்

ஆக்ஸிலரேட்டரை அழுத்தி சக்கரத்தைச் சுழற்றாதீர்கள். சூட்டில் ஸ்னோ உருகி ஐஸாகி, நீங்களே குழி தோண்டிக்கொள்வீர்கள். சக்கரத்தை நேராக்குங்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்வெட்டியால் ஒதுக்கி, மணலோ, பூனைக் கழிப்பிடத்தில் போடும் துகளோ தூவுங்கள். சக்கரம் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்து, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி எடுங்கள். இதற்காகவே டிக்கியில் சின்ன மண்வெட்டி, மணல், பூஸ்டர் கேபிள், கம்பளி, டார்ச், ஒரு ஜோடி பூட்ஸ் எப்போதும் இருக்கட்டும்.

பிராண்டன் பக்கமோ எமர்சன் பக்கமோ ஊருக்கு வெளியே போவதாக இருந்தால் முதலில் ரோடு நிலவரம் சொல்லும் மானிடோபா 511 பாருங்கள். ஹைவே மூடியிருக்கிறது என்றால் அன்றைக்குப் பயணம் இல்லை, அவ்வளவுதான். டேங்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல் வேண்டும், மாட்டிக்கொண்டால் ஹீட்டரை ஓட்ட அதுதான் இருக்கிறது.

காற்றில் ஸ்னோ பறந்து எதுவுமே தெரியாத வெள்ளைக்காற்றில் ஹைவேயில் நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறதே என்று கிளம்புவதுதான் ஆபத்து. விண்ட் சில் மைனஸ் 40 என்றால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையத் தொடங்கும். அவசர உதவி எண் 911க்குச் சொல்லுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் சைலன்சர் வாயைச் சுத்தம் செய்த பிறகு. காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள்.

9. தெருவில் நிறுத்துவது

நகரசபை ஸ்னோ அள்ளும் நாட்களில் தெருவில் வண்டி நிற்கக் கூடாது. குடியிருப்புத் தெருக்களுக்கு ஓர் ஆங்கில எழுத்து கொடுத்து, எந்த எழுத்துக்கு எப்போது தடை என்று அறிவிப்பார்கள். உங்கள் எழுத்தை இப்போதே தேடிக் குறித்து வையுங்கள். 'ஸ்னோ ரூட்' பலகை உள்ள பெரிய ரோடுகளுக்குத் தனி இரவுத் தடை உண்டு. காலையில் வண்டியைக் காணோம் என்றால் போலீசுக்கு ஓடும் முன் நகரசபையின் 311 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இழுத்துப் பக்கத்துத் தெருவில் விட்டிருப்பார்கள்.

10. வீட்டுக்குள்: சூடும் ஈரமும்

ஃபர்னஸ் ஃபில்டரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள். அதில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். தரையிலுள்ள காற்றுத் துவாரத்தின்மேல் சோபாவைப் போட்டுவிட்டு அறை சூடாகவில்லை என்று தெர்மோஸ்டாட்டை ஏற்றுவது பரவலான தவறு.

நம் சமையல் இங்கே ஒரு தனிப் பிரச்சினை. இட்லி அவிப்பதும், ரசம் கொதிப்பதும், துணியை வீட்டுக்குள் உலர்த்துவதும் காற்றில் ஈரத்தை ஏற்றும். வெளியே மைனஸ் 30 என்றால் அந்த ஈரம் ஜன்னல் கண்ணாடியில் படிந்து ஐஸாகி, பிறகு உருகி மரச்சட்டத்தில் வழிந்து பூஞ்சை பிடிக்கும். கடும் குளிரில் வீட்டின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். அதை அளக்கும் சிறு மீட்டர் மலிவுதான். அடுப்பு ஃபேனைச் சமையலுக்கு முன்பே போட்டு, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ராத்திரி திரையை முழுக்க மூடாமல் கீழே சிறிது இடைவெளி விட்டால் சூடான காற்று கண்ணாடியைத் தொடும்.

தோசை மாவு 20 டிகிரியில் எளிதில் புளிக்காது. ஓவனைச் சூடேற்றாமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். மாவு உள்ளே இருக்கிறது என்று ஓவன் கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள்.

11. குழாய் உறைவு

வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் இருந்தால் கடும் குளிர் நாட்களில் அதன் கீழ் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், வீட்டின் சூடு குழாயை எட்டும். 2014இல் உறைவு தரைக்குள் மிக ஆழமாக இறங்கி, வின்னிபெக்கில் ஏராளமான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. குழாயை மெல்லியதாகத் திறந்தே வைக்கும்படி பலரை நகரசபையே கேட்டுக்கொண்டது.

உறைந்துவிட்டால் முதலில் மெயின் வால்வு எங்கே என்று பாருங்கள், குழாய் வெடித்திருந்தால் உருகும்போதுதான் கொட்டும். பிறகு டேப்பைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரால் டேப் பக்கமிருந்து பின்னோக்கிச் சூடு காட்டுங்கள். நெருப்பு காட்டவே கூடாது.

12. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால்

மெயின் வால்வை மூடி, எல்லா டேப்பையும் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். ஃபர்னஸை அணைக்காதீர்கள், 15 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஆளில்லாத வீட்டை யாராவது அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்பது பல வீட்டுக் காப்பீடுகளில் நிபந்தனை. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொண்டு, சாவியை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் தெர்மோஸ்டாட்டையும் அந்த வெள்ளைக் குழாய்களையும் காட்டிவிட்டுப் போங்கள்.

காரின் பிளாக் ஹீட்டரை ஒரு மாதம் மாட்டி வைப்பது வீண். சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பேட்டரி மெயின்டெய்னர் மாட்டலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி உள்ளே வைக்கலாம்.

குளிர்கால ஜாக்கெட்டையும் பூட்ஸையும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி டொராண்டோவில் தங்கிவிட்டால் சென்னைச் செருப்போடு டாக்சிக்கு நிற்க வேண்டியிருக்கும்.